டன்னுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்): சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து நிற்க ஒரு வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). மாதம் சுமார் 2 டன் குலை வெட்டுகிறேன். தனியாக விற்ற காலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. "காய் பழுக்கலை" என்று கழித்தால் பதில் பேச முடியாது. இப்போது ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம்.

இந்த வழியை அமெரிக்காவின் கான்சாஸ் கோதுமை விவசாயிகளிடம் கற்றோம். 1957-இல் அமைந்த அவர்களுடைய கோதுமை ஆணையத்துக்காக, விற்கும் ஒவ்வொரு புஷலுக்கும், அதாவது 27 கிலோவுக்கு, 2 சென்ட் பிடிக்கிறார்கள். தானியத்தை வாங்கும் இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்பவர் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசைக் கொண்டுதான் 2012-இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு மையமே திறந்தார்கள்.

ஆக, முதலில் பிடித்தம். வீடு வீடாகப் போய்ச் சந்தா கேட்காதீர்கள், மூன்றாம் மாதமே கதவு திறக்காது. எடைச்சீட்டு வந்ததும் டன்னுக்கு 3 வெள்ளி எடுத்து வையுங்கள். எங்களுக்கு மாதம் 54 வெள்ளி சேருகிறது. இது போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டித்தான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் ஆட்கள் தோட்டங்களையே வாங்கினார்கள்.

அப்புறம் சோதனை. ஒரே வயது மரங்கள், ஒரே மண், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை. ஒன்றுக்கு வருட உரத்தை இரண்டு தவணையாகவும், மற்றதற்கு அதே அளவை நான்கு தவணையாகவும் போடுகிறோம். ஒவ்வொரு வெட்டிலும் வரிசைவாரியாக எடை எழுதுகிறோம். அவசரம் கூடாது. பெண் பூதான் குலையாகும். பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடும். அதனால் ஆறு மாதக் கணக்கை வைத்து உரத்தைப் புகழவோ திட்டவோ வேண்டாம். ஒரு புதுக் கோதுமை ரகத்தை உருவாக்கவே பத்து வருடம் போல ஆகிறது.

சந்தை விஷயத்தில் கோதுமைக்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அவர்களுடைய ஏற்றுமதிச் சங்கம் ஒரு மூட்டைகூட வாங்கி விற்பதில்லை. மாவு ஆலைக்கும் ரொட்டி சுடுபவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு, அதை விவசாயிக்குச் சொல்கிறது. நாமும் வியாபாரத்தில் இறங்க வேண்டாம். குலை வாங்கும் செம்பனை ஆலையில் அனுமதி கேட்டு, தரம் பிரிக்கும் மேடை அருகே ஒரு காலைப் பொழுது நில்லுங்கள். நான் நின்றேன். குலையைப் புரட்டி, பழம் உதிர்ந்த குழிகளை எண்ணுகிறார்கள். பத்து குழி இருந்தால் பழுத்தது. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் குறை.

அன்று மாலையே ஒன்பது தோட்டத்திலும் சொல்லிவிட்டோம்: கீழே உதிர்ந்த பழத்தைப் பார்த்த பிறகே கத்தியை ஓங்க வேண்டும், காம்பை ஒட்ட நறுக்க வேண்டும். மாதம் இருமுறை, ஒரே நாளில் வெட்டி, ஒரே லாரியில் 9 டன் ஏற்றுகிறோம். எடைச்சீட்டின் நகல் ஒன்பது பேருக்கும் அன்றிரவே போய்விடும்.