பிறைநிலா வரைகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

பிறைநிலா வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் ஒரு வட்டம் போடுவார்கள், அப்புறம் அதன் மேல் இன்னொரு வட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு நடுவில் உள்ளதை அழித்துவிடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வானத்தில் அப்படி ஒரு பிறை வருவதே இல்லை.

நிலா தட்டு இல்லை, பந்து. வட்டம் வேறு, கோளம் வேறு, பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பந்தின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் படுகிறது (அமாவாசையன்றும் அப்படித்தான், வெயில் படும் பக்கம் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்). வெயிலும் இருட்டும் சந்திக்கும் கோடு பந்தைச் சுற்றி வளையல் மாதிரி ஓடுகிறது. வளையலைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நீள்வட்டமாகத் தெரியும். அதனால் பிறையின் வெளிக்கோடு அரைவட்டம், உள்கோடு பாதி நீள்வட்டம். இரண்டு முனைகளும் ஒரே விட்டத்தின் இரு நுனிகளில், சரியாக எதிரெதிரே முடிய வேண்டும். அதைத் தாண்டி முனைகள் கொம்பு மாதிரி உள்ளே வளைந்தால் படம் தப்பு. இரண்டு முனைகளுக்கும் நடுவே நட்சத்திரம் போடுவதும் தப்பு, இருட்டாக இருந்தாலும் அங்கே இருப்பது நிலாதானே, பின்னால் உள்ளதை அது மறைத்துவிடும்.

அடுத்தது, பெரியவர்களே சொல்லும் தவறு: பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்பது. நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம், பௌர்ணமியன்று மட்டுமே நடக்கும். அப்படியானால் ஏன் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வருவதில்லை? பூமியை 1 அடிப் பந்தாக வைத்துக்கொள்ளுங்கள். நிலா 3 அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய எலுமிச்சை, அது இருப்பது 30 அடி தள்ளி. அங்கே பூமியின் நிழல் முக்கால் அடி அகலம்கூட இல்லை, நிலாவின் பாதையோ சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் அது நிழலுக்கு இரண்டரை அடி மேலேயோ கீழேயோகூடப் போய்விடும். பாடப்புத்தகப் படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிடுவதால்தான் இது புரியாமலே போகிறது.

நள்ளிரவு வீட்டுக்கு மேல் பிறை வரையாதீர்கள். மூன்றாம் பிறை பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிந்து சீக்கிரமே மறைந்துவிடும், தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன்புதான் கிழக்கே வரும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அது பெரும்பாலும் படகு மாதிரி படுத்திருக்கும், ஐரோப்பியப் படங்களில் வருவது போல் நிமிர்ந்து நிற்காது.

சந்தேகம் இருந்தால் வளர்பிறை அஷ்டமியன்று மாலை 4 மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். நிலா கிழக்குப் பக்கம் ஏறியிருக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தை வெயிலில், நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி கை நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் வெளிச்சம் எவ்வளவு, எந்தப் பக்கமோ, பழத்திலும் அப்படியே இருக்கும்.