தட்டுப்போர்க் கணக்கு: கொரங்காட்டு மாடுகளுக்கு ஒன்பது மாதத் தீவனம்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காட்டில், அதாவது கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லை நம்பி மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நம் மழைக்கு ஒழுங்கு கிடையாது. 2015இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் அதிகம் பெய்தது. அடுத்த வருஷமே 62 சதவீதம் குறைவு. அந்த மார்கழி முழுக்க "இன்னும் ஒரு மழை வரும்" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையில் மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தட்டு விலை ஏறிவிட்டது; சித்திரையில் இரண்டு மாடுகளைக் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான் இது.

1. மழையை அளந்து எழுதுங்கள். வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள டப்பாவை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டு மி.மீ. பார்த்துக் காலண்டரிலேயே குறித்துவிடலாம்.

2. மாட்டின் தேவை. இதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். உடல் எடையில் 2.5 சதவீதம் உலர்தீவனம் என்று வையுங்கள். 300 கிலோ மாட்டுக்கு 7.5 கிலோ; காய்ந்த தட்டிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பதால் 8 கிலோ. நான்கு மாட்டுக்கு நாளைக்கு 32 கிலோ. கோடை மழையில் புல் தழைத்தால் தை முதல் வைகாசி வரை 150 நாள்: 4,800 கிலோ. மிதித்தும் மக்கியும் வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் ஐந்தரை டன். கோடை மழையும் ஏமாற்றினால் புரட்டாசி வரை 270 நாள், கிட்டத்தட்ட 10 டன்!

3. கையிருப்பு. தட்டை அடுக்கிய போரைப் பார்த்து "ரெண்டு வண்டி இருக்கும்" என்று சொல்லாதீர்கள். பத்துக் கட்டைத் தராசில் போட்டுச் சராசரி எடுத்து, மொத்தக் கட்டுகளால் பெருக்குங்கள்.

4. டிசம்பர் 1 அன்று முடிவெடுங்கள். அதற்குள் நமக்கு மழை தரும் முக்கியமான இரண்டு மாதங்களும் போயிருக்கும். டப்பாக் கணக்கு உங்கள் ஊரின் வழக்கமான அளவில் பாதிகூட இல்லையென்றால், ஒன்பது மாதக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறைக்கு அந்த வாரமே தட்டோ வைக்கோலோ வாங்குங்கள், இல்லையென்றால் வயதான மாட்டை விற்றுவிடுங்கள். சித்திரையில் கண்ணபுரம் சந்தை கூடும்வரை காத்திருந்தால், பஞ்ச வருஷத்தில் எல்லோரும் அங்கே மாட்டோடுதான் நிற்பார்கள். மனசு கேட்காது, சரி. ஆனால் எலும்பு தெரியும் மாட்டுக்கு என்ன விலை வரும்?

5. போர் போடுவது. தட்டை ஒடித்துப் பாருங்கள். 'படக்'கென்று ஒடிய வேண்டும்; வளைந்தால் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். கல் அடுக்கி, மேலே தென்னமட்டை பரப்பி, தரை ஈரம் ஏறாமல் அடுக்குங்கள். உச்சி கூரைபோல் சரிய வேண்டும். ஒரே பெரிய போரைவிடத் தள்ளித் தள்ளி இரண்டு போர் நல்லது, தீப்பொறி பட்டால் ஒன்றாவது மிஞ்சும். பத்து நாள் கழித்துக் கையை உள்ளே விடுங்கள். வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் உடனே பிரித்துக் காயப்போடுங்கள். கறுத்துப் பூசணம் பிடித்ததைச் சினைமாட்டுக்குப் போடவே கூடாது; குப்பைக்குழிதான்.

6. காட்டுக்கு ஓய்வு. முதல் மழைக்குத் துளிர்த்ததும் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். புல் கதிர்விட்டு விதை சிந்தும்வரை ஒரு காட்டையாவது பூட்டி வையுங்கள்.

அப்புறம், உயிர்போகிற விஷயம் ஒன்று. மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு விஷம் இருக்கும். பசியோடு நாலு வாய் கடித்த மாடு மூச்சுத் திணறிச் சில நிமிஷத்தில் விழுந்துவிடும். சோளம் பூத்த பிறகே அறுத்துப் போடுங்கள். பக்கத்துக் காட்டில் சோளம் துளிர்த்திருந்தால் வேலியில் இருக்கும் சந்துகளை முதலில் அடைத்துவிடுங்கள்.