நினைவுக்குறிப்பையும் நகைச்சுவை நாடகத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி: எல்லையோர மாணவர்களுக்கு ஆங்கிலப் பாட வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற ஊர்களில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு பிளஸ் ஒன்னுக்கோ பிறகு கல்லூரிக்கோ செல்லும் மாணவர்கள், ஆங்கில வகுப்பில் இரண்டு பாடங்களைக் கண்டு தயங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தன் வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவுக்குறிப்பு எழுதுவது ஒன்று. ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஒன்றைப் படிப்பது மற்றொன்று. முதலாவதில், எழுதும் அளவுக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்ற கூச்சம். இரண்டாவதில், இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற திகைப்பு. இவற்றைத் தனித்தனியாகப் படிப்பதைவிடச் சேர்த்துப் படிப்பதே எளிது என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது. நாடகத்தில், பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. நினைவுக்குறிப்பில், இன்று எழுதுகிறவருக்குத் தெரிந்தது அன்று அந்த இடத்தில் நின்ற சிறுவனுக்கோ சிறுமிக்கோ தெரியாது.

நாடகத்திலிருந்து தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாடத்தில் வேறொரு நாடகம் இருந்தாலும் இதே முறை பொருந்தும். கப்பல் உடைந்து இல்லிரியா என்ற நாட்டின் கரையில் ஒதுங்கும் வயோலா, தன் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் இறந்திருப்பான் என்று அஞ்சி, ஆண் வேடம் பூண்டு, சிசாரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். பிரபு ஒலிவியா என்ற சீமாட்டியை விரும்புகிறான். ஒலிவியாவோ தூது வந்த சிசாரியோவை விரும்பத் தொடங்குகிறாள். சிசாரியோவாக நடிக்கும் வயோலா பிரபுவை விரும்புகிறாள். இந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்தால் சுவை கெட்டுவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மர்மக் கதைக்கு அது பொருந்தலாம். இந்த நாடகத்துக்குப் பொருந்தாது. வயோலா வேடமிடப் போகிறாள் என்பதை முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியிலேயே ஷேக்ஸ்பியர் நமக்குச் சொல்லிவிடுகிறார். செபாஸ்டியன் உயிரோடிருப்பதை இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார். எல்லாவற்றையும் நமக்கு முன்னதாகத் தெரிவித்துவிட்டு, தெரியாதவர்கள் படும் பாட்டைப் பார்க்கவைப்பதே அவர் வழி.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் காட்சிகளின் எண்கள், மேலே பாத்திரங்களின் பெயர்கள், கடைசிப் பத்தியில் ‘நான்’. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், ‘சிசாரியோ ஒரு பெண்’, ‘செபாஸ்டியன் உயிரோடிருக்கிறான்’, ‘கடிதம் பொய்யானது’ என்ற மூன்று செய்திகளில் எது யாருக்குத் தெரியும் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ‘நான்’ என்ற பத்தி முதலிலேயே நிரம்பிவிடுவதையும், மற்றவர்களின் பத்திகள் ஐந்தாம் அங்கம் வரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடப்பதையும் கண்ணால் காண்பீர்கள். உரைநூல்களின் பத்துப் பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

மூன்றாவது செய்தி, அதாவது பொய்க் கடிதம், இரண்டாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் வருகிறது. ஒரே ஒரு காட்சியை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதையே படியுங்கள். ஒலிவியாவின் வீட்டு நிர்வாகி மால்வோலியோ கண்டிப்பானவன், தன்னைப் பற்றி உயர்வாக எண்ணுபவன். பணிப்பெண் மரியாவின் கையெழுத்து எசமானியின் கையெழுத்தைப் போலவே இருக்கும். அவள் காதல் கடிதம்போல ஒன்றை எழுதி அவன் நடந்துவரும் வழியில் போட்டுவைக்கிறாள். ஒலிவியாவின் உறவினன் சர் டோபியும் அவன் கூட்டாளிகளும் செடி மறைவில் ஒளிந்து கவனிக்கிறார்கள். இங்கே பல மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கடிதம் கண்ணில் படுவதற்கு முன்பே, தான் ஒலிவியாவை மணந்து பிரபுவாகிவிட்டதாகவும், சர் டோபி தன் முன் பணிந்து நிற்பதாகவும் மால்வோலியோ வாய்விட்டுக் கற்பனை செய்துகொண்டிருக்கிறான். கடிதத்தில் இருக்கும் நான்கு எழுத்துகள் தன் பெயரில் இருக்கின்றன, ஆனால் வரிசை பொருந்தவில்லை என்பதையும் அவனே கவனிக்கிறான். கவனித்த பிறகும் பொருந்துவதாகவே முடிவு செய்கிறான். மரியா அவனை ஏமாற்றுவது பாதிதான். மீதியை அவனே செய்துகொள்கிறான். தேர்வு விடையில் இதை எழுதும் மாணவர் காட்சியை உண்மையாகப் படித்திருக்கிறார் என்பது திருத்துபவருக்கு உடனே புரியும்.

இந்தக் காட்சியை மௌனமாகப் படிக்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் மால்வோலியோவாக வகுப்பின் நடுவில் நடந்தபடி படிக்க, மற்ற மூவரும் கடைசி பெஞ்சின் பின்னால் குனிந்துகொண்டு தங்கள் வரிகளைப் படியுங்கள். காட்சி உரைநடையில் இருப்பதால் வாய்க்கு எளிதாக வரும். பிரபுவும் வயோலாவும் பேசும் பகுதிகள் பெரும்பாலும் வரிக்கு ஏறக்குறைய பத்து அசைகள் கொண்ட செய்யுள். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தாமல், பொருள் முடியும் இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். ‘யூ’, ‘தவ்’ என்ற இரண்டு முன்னிலைச் சொற்கள் மாறி மாறி வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ‘நீங்கள்’, ‘நீ’ என்ற வேறுபாட்டோடு வளர்ந்தவர்களுக்கு, யார் யாரிடம் எப்போது உரிமை எடுத்துக்கொள்கிறார்கள், எப்போது அவமதிக்கிறார்கள் என்பது எளிதாகவே பிடிபடும்.

நாடகத்திலிருந்து நினைவுக்குறிப்புக்குச் செல்ல ஒரு பாலம் இருக்கிறது. லண்டனில் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கல்விக்கூடத்தில் மாணவராக இருந்த ஜான் மேனிங்ஹாம், 1602 பிப்ரவரி 2 அன்று அங்கே நடந்த விருந்தில் இந்த நாடகத்தைப் பார்த்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாடகம் அச்சில் வந்ததோ 1623இல்தான். அந்த மாணவரின் குறிப்பில் வயோலாவின் பெயரும் இல்லை, அவள் காதலும் இல்லை. நிர்வாகியைக் கடிதம் எழுதி ஏமாற்றியதும், சிரிக்கச் சொன்னதும், உடை உடுத்தச் சொன்னதும், பிறகு பைத்தியம் என்று நம்பவைத்ததுமே அவர் மனத்தில் தங்கியிருக்கின்றன. ஒலிவியாவை அவர் விதவை என்று எழுதுகிறார். நாடகத்தில் அவள் துக்கம் காப்பது இறந்த அண்ணனுக்காக. நினைவு என்பது தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது, எடுத்துக்கொண்டதையும் சற்று மாற்றிவிடுகிறது. உங்கள் நினைவுக்குறிப்பை எழுதும்போது இந்த மாணவரை நினைவில் வையுங்கள்: எழுதி முடித்ததும், அன்று உடனிருந்த அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்டுச் சரிபார்ப்பது அவசியம். இருவர் நினைவும் முரண்பட்டால், அந்த முரண்பாட்டையே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

இனி எழுதும் முறை. பிறந்ததிலிருந்து இன்றுவரை எழுத முயல வேண்டாம், அது தன்வரலாறு. நினைவுக்குறிப்புக்கு ஒரு மாலை நேரம் போதும். அன்றைய ‘நான்’ அறியாததையும் இன்றைய ‘நான்’ அறிந்ததையும் அடுத்தடுத்து வைப்பது எப்படி என்பதற்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில், 1880இல் கும்பகோணத்தில், அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததை விவரிக்கிறார். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சற்றும் வியப்படையாமல், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த 25 வயது ஆசிரியருக்கு அந்த நூல் எட்டாததாக இருந்தது. அவரே 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிப்பார் என்பது நமக்குத் தெரியும், எழுதும் முதியவருக்கும் தெரியும். பட்டியலைப் பெருமையோடு ஒப்பிக்கும் இளைஞருக்குத் தெரியாது. நாடகத்தில் நாம் போட்ட கட்டத்தை இங்கும் அப்படியே போடலாம்.

நம் பகுதியில் எந்த மாணவருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியை வைத்து இதைச் செய்து பார்ப்போம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்கு அனுப்பப்படுகிறாள். கடை மூடியிருக்கிறது, கதவில் மலையாளத்தில் எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது. அவளுக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பார் என்று எண்ணி, கேனைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். திரும்பி வரும் ஓர் அம்மா, “என்ன கண்ணு, இன்னும் இங்கயே நின்னுட்டு இருக்கே? இன்னிக்குக் கடை லீவுன்னு எழுதிப் போட்டிருக்காங்கல்ல” என்கிறார்.

இதைப் பெரும்பாலானோர், சிறுவயதில் மலையாளம் தெரியாமல் மிகவும் சிரமப்பட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். அதில் கடையும் இல்லை, கேனும் இல்லை. காட்சியாக எழுதத் துணிந்த பிறகு ஒரு முக்கியமான தேர்வு இருக்கிறது: அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதை வாசகருக்கு எப்போது சொல்வது? தொடக்கத்திலேயே சொன்னால், வாசகர் செடி மறைவில் ஒளிந்திருப்பவரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். சிறுமியின் ஒவ்வோர் ஊகமும் சிரிப்பையும் இரக்கத்தையும் சேர்த்துத் தரும். இது ஷேக்ஸ்பியரின் வழி. அந்த அம்மா சொல்லும்வரை மறைத்துவைத்தால், வாசகரும் சிறுமியோடு சேர்ந்து வெயிலில் நிற்பார். சிரிப்பு குறையும், திகைப்பு கூடும். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டு, உங்கள் நிகழ்ச்சிக்கு எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு முதல் வழியே நல்லது. எழுதுகிறவரின் இன்றைய குரல் அதில் தானாகவே கேட்கும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் இடர்ப்பாடு பெரும்பாலும் சொற்களில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் ‘கேனை எடுத்து, சாலையைக் கடந்து, கடைக்குப் போய், நின்று’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அதை அப்படியே பெயர்த்தால் வரிக்கு வரி ‘ஹேவிங்’ என்ற சொல் வந்து நிற்கும். ஆகவே கதையைத் தமிழில் ஒரு நண்பரிடம் வாயால் சொல்லிவிட்டு, தாளில் எழுதும்போது நேராக ஆங்கிலத்தில், வாக்கியத்துக்கு ஒரு செயல் என்று எழுதுங்கள். அன்று நடந்தது முழுவதும் எளிய இறந்தகாலத்தில் இருக்கட்டும். இன்று நீங்கள் நினைப்பது மட்டும் நிகழ்காலத்தில் வரட்டும். இரண்டு ‘நான்’களையும் பிரித்துக்காட்ட ஆங்கிலம் தரும் மிகத் தெளிவான கருவி இதுதான். அந்த அம்மாவின் பேச்சைச் சுத்தமான ஆங்கிலமாக்காமல், ‘கண்ணு’ என்ற விளியை ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டுவிடலாம்.

பிறரைப் பற்றி எழுதும்போது மால்வோலியோவை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பொய்க் கடிதம் சொன்னபடி மஞ்சள் காலுறையோடு அவன் ஒலிவியாவின் முன் இளித்துக்கொண்டு நிற்கும்போது சிரிக்கிறோம். நான்காம் அங்கத்தில் அவனை இருட்டறையில் அடைத்துப் பைத்தியம் என்று சாதிக்கும்போது அந்தச் சிரிப்பு நமக்கே உறுத்துகிறது. எல்லோரையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறுகிறான். அவனுக்குப் பெருங்கொடுமை இழைக்கப்பட்டது என்று ஒலிவியாவே ஒப்புக்கொள்கிறாள். நம்முடையவை எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர்கள். மாமாவின் குடியையோ பக்கத்து வீட்டாரின் கடனையோ வகுப்பில் வாசித்தால் மாலைக்குள் செய்தி தெருவுக்கு வந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அவர்கள் இதைப் படித்தால் தங்களுக்கு ஒரு நியாயமாவது கொடுக்கப்பட்டிருப்பதாக உணர்வார்களா என்று பாருங்கள்.

விருப்பமுள்ளவர்கள் பம்மல் சம்பந்த முதலியாரையும் தேடிப் படிக்கலாம். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றைத் தமிழ் மேடைக்கு ஏற்றபடி எழுதியவர். தம் அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்று விரிவாக எழுதிவைத்தவர். நம் இரண்டு பாடங்களும் ஒரே மனிதரிடம் கூடியிருக்கின்றன.

ஓணப் பரீட்சைக்கு முன் வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து நினைவுக்குறிப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். படிப்பவர் பிழை திருத்த வேண்டாம். அதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். கதையில் வரும் சிறுவனோ சிறுமியோ அறிவதற்கு முன்பே தமக்கு உண்மை புரிந்துவிட்ட வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடும், அவர்களுக்குப் புரிந்த வரியின் ஓரத்தில் இன்னொரு கோடும் போட்டுத் திருப்பித் தரட்டும். இரண்டு கோடுகளும் ஒரே வரியில் விழுந்திருந்தாலோ, முதல் கோடு போடவே இடம் கிடைக்கவில்லை என்றாலோ, அது நீங்கள் வேண்டுமென்றே செய்ததுதானா என்று பார்த்துவிட்டு அடுத்த படியை எழுதுங்கள்.