ஹோம் தியேட்டரில் முதலில் எதை மாற்றுவது?

என் ஹோம் தியேட்டருக்கென்று முதன்முறையாகப் பணம் சேர்த்தபோது நான் வாங்கியது ஒரு புதிய ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்துப் பெருக்கி எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி. பழையதைவிட அதில் வாட் அதிகம். முகப்பில் ஒட்டியிருந்த முத்திரைகளும் அதிகம். எல்லாவற்றையும் இணைத்து ஒரு படத்தை ஓடவிட்டபோது, வசனம் முன்பு போலவே போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான் கேட்டது. டிவி மேசையின் அடித்தட்டில், முழங்காலுக்குக் கீழே, உட்புறமாகத் தள்ளி வைத்திருந்த சென்டர் ஸ்பீக்கர்தான் காரணம் என்பது சில வாரங்கள் கழித்தே எனக்குப் புரிந்தது. அதைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, காதை நோக்கும்படி முன்பக்கத்தைச் சற்று நிமிர்த்தி வைத்ததும் வசனம் தெளிந்துவிட்டது. அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

ஒரே ஒரு பாகத்துக்கான பணம் மட்டும் கையில் இருக்கும்போது, எந்தப் பாகம் மற்றவற்றைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு மாலைப் பொழுதும், ரிசீவரின் கையேடும், ஓர் அளவு நாடாவும் போதும்.

படி 1: குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"சத்தம் சுமார்" என்று எழுதினால் எதை வேண்டுமானாலும் வாங்கத் தோன்றும். "மெதுவாகப் பேசும் காட்சிகளில் வசனம் புரியவில்லை, ஒலியைக் கூட்டினால் அடுத்து வரும் சண்டைக் காட்சி காதைக் கிழிக்கிறது" என்று எழுதினால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். நீங்கள் பலமுறை பார்த்த படங்களிலிருந்து மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: வசனம் நிறைந்த ஒன்று, வெடிச்சத்தமோ இடியோ உள்ள ஒன்று, இருட்டில் நடக்கும் ஒன்று. இனி எல்லாச் சோதனைகளையும் இந்த மூன்றை வைத்தே, ஒரே இருக்கையில் அமர்ந்து செய்ய வேண்டும்.

படி 2: செலவில்லாத திருத்தங்களை முடித்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அமைப்பில் இருக்கும் தவறு புதிய பொருளுக்கும் அப்படியே தொடரும் என்பதால், இதை முடிக்காமல் செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

முன்புறத்தின் இடது, வலது ஸ்பீக்கர்கள் உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும். அதாவது அவ்விரண்டும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர்களும், ஆழமான ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும்) சுற்றுப்புற ஒலியைத் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கான இடம், பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னே, 100 முதல் 120 பாகைக்குள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளும் ரிசீவரின் அதே நிற முனைகளுடன் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் எனப்படும் ஆழமான ஒலி மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

அடுத்தது ரிசீவரின் அமைப்புப் பட்டியல். ஆடிசி, டிராக் போன்ற தானியங்கி அளவீட்டு வசதி இருந்தால், உடன் வந்த மைக்கை உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். அது முடிந்த பிறகு, சப்வூஃபர் உள்ளவர்கள் எல்லா ஸ்பீக்கர்களும் "சிறியது" என்று குறிக்கப்பட்டு, பிரிப்பு அலைவெண் (எந்த எல்லைக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பது) 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு "சிறியது" என்ற சொல் மனத்தை உறுத்தும். உண்மையில் அது ஸ்பீக்கரின் உருவத்தைக் குறிப்பதே இல்லை. ஆழமான ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடு என்று ரிசீவருக்குச் சொல்லும் உத்தரவு மட்டுமே.

டிவியின் படமுறை "விவிட்" என்றிருந்தால் "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" முறைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாட்கள் படம் மஞ்சளாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும்.

படி 3: குறைக்குரிய பாகத்தைச் சோதித்துக் கண்டுபிடியுங்கள்

வசனத்திலிருந்து தொடங்குவோம். 5.1 ஒலித்தடத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. ரிசீவரின் ஸ்பீக்கர் பட்டியலில் சென்டர் "இல்லை" என்று மாற்றினால், அந்த ஒலி இடது, வலது ஸ்பீக்கர்களுக்குச் சமமாகப் பிரிந்து சென்று, நடுவில் அமர்ந்திருப்பவருக்குத் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்கும்போது வசனம் தெளிவாகிவிட்டால், உங்கள் சென்டர் ஸ்பீக்கரோ அது வைக்கப்பட்டிருக்கும் இடமோதான் பலவீனமான கண்ணி. எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி பெரும்பாலும் அறைதான்: வெறும் தரை, கண்ணாடி, காலிச் சுவர் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் எதிரொலி மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். தடித்த விரிப்பும் கனமான திரைச்சீலையும் அங்கே புதிய ஸ்பீக்கரைவிட அதிகம் உதவும்.

பேஸ் பற்றிய குறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆழமே இல்லாமை. சப்வூஃபர் இல்லாத அமைப்பில் இது இயல்பு. மற்றொன்று, சப்வூஃபர் இருந்தும் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருப்பது. இரண்டாவது வகைக்குப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அந்த எண்ணை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த அறை எந்த அலைவெண்ணைத் தானாகவே ஊதிப் பெருக்கும் என்பது தெரியும். 4 மீட்டர் நீள அறைக்கு அது சுமார் 43 ஹெர்ட்ஸ். எந்தச் சப்வூஃபரை வாங்கி வைத்தாலும் அந்த அறை அதே 43 ஹெர்ட்ஸை உறுமத்தான் செய்யும். இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள், பேஸ் நிறைந்த ஒரு பாடலை ஓடவிடுங்கள், பிறகு சப்வூஃபர் வைக்கக்கூடிய மூலைமுடுக்குகளில் எல்லாம் தரையோடு தலையைத் தாழ்த்தித் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒலியைக் கூட்டும்போது கரகரப்பும் எரிச்சலும் வந்தால், அதிக வாட் உள்ள ரிசீவர் வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. திறனை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன், தேவைப்படுகிறது. ஆக 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குச் செல்வது ஒலிக்குமிழைச் சற்றே திருப்பியதற்குச் சமம். ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரே திறனில் அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்ற அளவு, 87 டெசிபலாக இருந்து, அதற்குப் பதில் 90 டெசிபல் உணர்திறன் உள்ளதை வைத்தால், ரிசீவரைத் தொடாமலே அதே 3 டெசிபல் கிடைத்துவிடுகிறது. ஸ்பீக்கரை மாற்றுகிறவருக்குக் கூடவே ஒலியின் தன்மையும் மாறுகிறது. ரிசீவரை மாற்றுகிறவருக்கு அந்த அளவு மாற்றம் அரிதாகவே கிடைக்கும்.

இதே குறைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆழமான ஒலிதான் பெருக்கியிடமிருந்து அதிகத் திறனை உறிஞ்சுகிறது. தனக்கென்று பெருக்கி கொண்ட சப்வூஃபரைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், ரிசீவருக்கும் முன்புற ஸ்பீக்கர்களுக்கும் பாரம் குறைந்து, கரகரப்பே மறைந்துபோவதுண்டு. சப்வூஃபர் இல்லாதவர்கள் "ஒலியைக் கூட்ட முடியவில்லை" என்று எழுதியிருந்தால் இந்த வழியை முதலில் யோசிக்கலாம்.

படத்தைப் பற்றிய குறை என்றால் அளவு நாடாவை எடுங்கள். 55 அங்குல டிவி 30 பாகை அகலத்தில் கண்ணை நிரப்ப வேண்டுமானால், இருக்கை சுமார் 2.25 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். அதே தூரத்தில்தான், இயல்பான பார்வை உள்ளவர்களுக்கு, 1080 வரிப் படத்தின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் கலந்துவிடத் தொடங்குகின்றன. ஆகவே நீங்கள் 3.5 மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தால், அதே அளவுள்ள 4கே டிவிக்கு மாறுவதால் நுணுக்கம் கூடித் தெரியாது. இருக்கையை முன்னே நகர்த்துவதோ பெரிய திரையோதான் உதவும். இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரிகிறது என்பது உங்கள் குறையானால் கதை வேறு: அது டிவியின் மாறுபாட்டுத் திறன் (கறுப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் திறன்) சார்ந்தது, அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி போன்ற திரைக்கு மாறுவது கண்கூடான மாற்றம். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அறையை இருட்டாக்கிப் பார்க்கட்டும்.

படி 4: இப்போது இருப்பதை வைத்து வரிசையை முடிவுசெய்யுங்கள்

டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்களுக்கு எந்த ஒலி மாற்றமும் முன்னேற்றம்தான். கம்பி இழுக்க முடியாத வீடு என்றால் சவுண்ட்பாரோடு நிறுத்திக்கொள்ளலாம். பிற்காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்க விரும்பினால் ஓர் எளிய ரிசீவரும் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களும் வாங்குவதே என் பரிந்துரை. இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் ஐந்து மட்டமானவற்றைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஒரே பெட்டியில் வரும் முழுத் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. அவற்றுள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் மின்தடை 3 ஓம் அளவுக்குக் குறைவாகவும், இணைப்பு முனைகள் அந்தத் தொகுப்புக்கே உரியவையாகவும் இருக்கும். சப்வூஃபருக்குத் தனிப் பெருக்கியும் இருக்காது. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் முயற்சி. பொறுத்திருந்து பணம் சேர்த்து, ரிசீவரையும் முன்புற இணையையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

தனித்தனிப் பாகங்களாக வைத்திருப்பவர்களுக்கு, மேற்கண்ட சோதனைகள் வேறு விடை தராதவரையில், நான் சொல்லும் வரிசை இது: முன்புற ஸ்பீக்கர்களும் சென்டரும், பிறகு சப்வூஃபர், பிறகு ரிசீவர், அதன் பிறகு சரவுண்ட், எல்லாவற்றுக்கும் கடைசியில் கூரை ஸ்பீக்கர்கள். சென்டரை மட்டும் மாற்றுவதானால் இடது, வலது ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்ததாகப் பாருங்கள்; இல்லையென்றால் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும் வண்டியின் ஒலி நடுவில் வந்ததும் வேறு வண்டியாகிவிடும்.

படி 5: ரிசீவர் முந்த வேண்டிய நேரங்கள்

ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இணைப்பே இல்லை, சப்வூஃபருக்கான வெளியீடு இல்லை, சூடாகித் தானே அணைந்துவிடுகிறது என்பவை நியாயமான காரணங்கள். 4கே எச்.டி.ஆர். படத்தை அது கடத்தாது என்பது மட்டும் போதிய காரணமல்ல. பிளேயரை நேராக டிவியில் இணைத்து, ஒலியை மட்டும் ஆர்க் இணைப்பு (எச்.டி.எம்.ஐ. கம்பியிலேயே டிவியிலிருந்து ஒலி திரும்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பலாம். சாதாரண ஆர்க் சுருக்கப்பட்ட டால்பி ஒலியைத் தாங்கும். இணையவழித் தளங்களின் அட்மாஸ் ஒலியும் (தலைக்கு மேலிருந்தும் வரும் டால்பி ஒலி) பெரும்பாலும் அந்த வகையிலேயே வருவதால், ரிசீவரும் டிவியும் ஏற்றுக்கொண்டால் அதற்கு அது போதும். ப்ளூ-ரே வட்டிலுள்ள இழப்பில்லா ஒலிக்குத்தான் எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் அறிமுகமான இ-ஆர்க் தேவை. ஆப்டிகல் கம்பி வழியாக 5.1 வரையிலான சுருக்கப்பட்ட ஒலியே செல்லும்.

பழைய பொருள் வாங்கத் தயங்காதவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்பீக்கர் மெதுவாகவே பழையதாகும், ரிசீவரோ புதிய இணைப்புத் தரங்கள் வரவர விரைவில் பின்தங்கிவிடும். எனவே ஸ்பீக்கரைப் பழையதாக வாங்கி மிச்சப்படுத்தலாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பொருளால் ஆனதா, விரலால் மெல்லத் தொட்டால் உதிர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு ஒதுக்க வேண்டிய தொகை மிகச் சிறியது. வீட்டுத் தூரங்களுக்கு 16 அல்லது 14 கேஜ் செப்புக் கம்பி போதும்.

படி 6: வாங்கியதைச் சோதியுங்கள்

புதிய பாகத்தை இணைத்ததும் தானியங்கி அளவீட்டை மறுபடியும் ஓடவிட்டு, முதல் படியில் தேர்ந்தெடுத்த அதே மூன்று காட்சிகளைப் பாருங்கள். ஒலியளவு முன்பிருந்த அதே அளவில் இருக்க வேண்டும், ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் தரமானதாகத் தோன்றி ஏமாற்றும். கைப்பேசியிலுள்ள ஒலி அளவீட்டுச் செயலி இரண்டையும் ஒப்பிட்டுச் சமப்படுத்தப் போதுமானது. பிறகு நீங்கள் எழுதி வைத்த அந்த வாக்கியத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். குறை அப்படியே இருந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.