செல்வாக்கு இழந்த ஆளுங்கட்சி மீண்டும் வெல்ல: சேலம் மாவட்டக் களப்பணியாளருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி மறுமுறை வெல்வது அரிது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைத் தக்கவைத்த பிறகு, அப்படி ஒன்று மீண்டும் நடக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஆட்சியின் மீது மக்களுக்குக் கசப்பு ஏற்பட்டிருக்கும் வேளையில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளரோ கிளைச் செயலாளரோ என்ன செய்யலாம் என்பதை, எந்தக் கட்சிக்கும் பொருந்தும் வகையில் இங்கே எழுதுகிறேன். தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமே எஞ்சியிருந்தால் இதில் பாதிக்கு மேல் பயன்படாது.

முதல் வேலை, "மக்கள் கோபமாக இருக்கிறார்கள்" என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, எவருடைய கோபம், எதன் மீது என்று பிரித்துப் பார்ப்பது. சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் வருகிற பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் இதற்கு நல்ல பாடம். 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே மக்களவைத் தேர்தலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒரே வாக்குச்சாவடியில் நடந்தன. தருமபுரி மக்களவைத் தொகுதியை தி.மு.க. வென்றது, அதற்குள் அடங்கிய அந்த இரண்டு சட்டமன்றத் தொகுதிகளையும் மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த அ.தி.மு.க. வென்றது. மாநிலம் முழுவதும் மக்களவையில் ஒரே ஓர் இடத்தோடு நின்ற அக்கட்சி, இடைத்தேர்தல் நடந்த 22 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்பதைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. அலை என்று நாம் சொல்வது இரண்டு மூன்று தனித்தனி மனக்குறைகள் சேர்ந்தது. அவற்றில் எது தில்லிக்கு, எது சென்னைக்கு, எது உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினருக்கு என்பதை வாக்காளர் தெளிவாகவே வைத்திருக்கிறார்.

இதைக் கண்டறிய "யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. கரைவேட்டி கட்டியவரிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. கடைசியாக எந்த அரசு அலுவலகத்துக்குப் போனீர்கள், எத்தனை முறை அலைய நேர்ந்தது, காரியம் முடிந்ததா என்று கேட்க வேண்டும். பட்டா மாறுதல், சாதிச் சான்று, குடிநீர் இணைப்பு, முதியோர் உதவித்தொகை என்று பாகம் பாகமாகக் குறித்துக்கொண்டு வந்தால், இரண்டு மாதத்தில் மாவட்டத்தின் உண்மையான வரைபடம் கிடைத்துவிடும். அது சீராக இருக்காது. ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கத்து மரவள்ளி விவசாயி கிழங்கு விலையையும் ஜவ்வரிசிக் கலப்படத்தையும் பற்றிப் பேசுவார். இளம்பிள்ளையில் தறி வைத்திருப்பவர் நூல் விலையையும் மின்கட்டணத்தையும் சொல்வார். மேட்டூர் அணைக்கு அருகிலேயே குடியிருந்தும் தம் ஏரிக்கு ஒரு சொட்டு வரவில்லையே என்பவருக்குக் காவிரி உபரிநீர்தான் அரசியல். ஏற்காடு தொகுதி இன்னும் சிக்கலானது. சேந்தமங்கலத்தோடு சேர்த்து மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் ஒன்றான அதில், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளியும் வாழப்பாடிச் சமவெளி விவசாயியும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டியிருக்கிறது. மலைக்கிராமத்துக்குச் சாலை போட்டதைக் கீழே மேடை போட்டுச் சொல்வதால் எந்தப் பயனும் இல்லை.

செய்தியில் பெரிதாக ஒலிக்கும் குறையும் வாக்கைத் தீர்மானிக்கும் குறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு எதிராக 2018 முதல் ஐந்து மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனாலும் 2021இல் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்தை அன்றைய ஆளும் கூட்டணியே வென்றது. முதலமைச்சர் சொந்த மாவட்டத்துக்காரர் என்ற உணர்வும் பா.ம.க.வுடனான கூட்டணியும் இங்கே வேறு எல்லாவற்றையும் விஞ்சி நின்றன. மாநிலம் அவர்களைத் தோற்கடித்தது என்பது வேறு கதை.

இடைத்தேர்தல் வெற்றியை வைத்து நிலைமையை எடைபோடுவது பெரும் ஏமாற்றத்தில் முடியும். 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தலில் ஆளும் தி.மு.க. வென்றது, அ.தி.மு.க. வைப்புத்தொகையையே இழந்தது. மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே பென்னாகரம் அ.தி.மு.க. கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போயிற்று, தி.மு.க.வுக்கு மாநிலம் முழுவதும் 23 இடங்களே கிடைத்தன.

அந்த 2011 தோல்வி இன்னொன்றையும் கற்பிக்கிறது. வண்ணத் தொலைக்காட்சி, ஒரு ரூபாய் அரிசி, காப்பீடு என்று அந்த அரசு கொடுத்தவை குறைவல்ல. ஆனால் மின்வெட்டு தீரவில்லை. தறி நின்றுபோன வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்து என்ன பயன்? உறுத்துவதை அகற்றாமல் புதிதாக ஒன்றைக் கொடுப்பதால் உறுத்தல் குறையாது. பிரிட்டனில் 1990 நவம்பரில் மார்கரெட் தாட்சருக்குப் பதிலாகப் பிரதமரான ஜான் மேஜர், மக்கள் வெறுத்த தலைவரியை ஒழிப்பதாக அறிவித்துவிட்டு 1992இல் தேர்தலைச் சந்தித்து வென்றார். கனடாவில் மார்க் கார்னி 2025 மார்ச்சில் பதவியேற்ற நாளிலேயே நுகர்வோர் மீதான கரிம வரியை நீக்க ஆணையிட்டார். அடுத்த மாதம் அவருடைய லிபரல் கட்சி, பெரும்பான்மை இல்லாவிட்டாலும், ஆட்சியைத் தக்கவைத்தது. அதே கனடாவில் 1993இல் கிம் கேம்பெல் தலைமையேற்றபோது முகம் மட்டும் மாறியது. மக்கள் வெறுத்த சரக்கு சேவை வரி அப்படியே நின்றது. ஆளுங்கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முகமும் கொள்கையும் சேர்ந்து மாறாவிட்டால் வாக்காளர் ஏமாறுவதில்லை என்பதை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் தலைவரை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை என்பதால், இங்கே மாற்றக்கூடியவர்கள் வேட்பாளர்களே. 2021இல் கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இருமுறை வென்றவர்களுக்கு வாய்ப்பில்லை என்ற விதியை அமைச்சர்களுக்கும் சேர்த்தே நடைமுறைப்படுத்தியது. இடதுசாரி முன்னணி 140இல் 99 இடங்களைப் பெற்றது. உங்கள் தொகுதியில் நடப்பு உறுப்பினரின் பெயரைக் கேட்டதும் கட்சிக்காரரே முகம் சுளிக்கிறார் என்றால், அதை ஓராண்டுக்கு முன்பே தலைமைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேட்பாளர் பட்டியல் வரும் வாரத்தில் சொன்னால், சீட்டுக் கேட்பவரின் கோள்மூட்டலாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

நலத்திட்டங்களைப் பொறுத்தவரை, அறிவித்த நாளைவிடப் பயனாளியின் கையில் அது சேர்ந்த நாளே முக்கியம். 2021 பிப்ரவரி 5 அன்று ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது; ஆறு பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியும் வன்னியருக்கான 10.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டு மசோதாவும் பிப்ரவரி 26 அன்று வந்தன. அன்று மாலையே தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மத்தியப் பிரதேசத்தில் 2023 நவம்பரில் வாக்குப்பதிவு. மகளிருக்கான மாத உதவித்தொகை ஜூனிலேயே வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியிருந்தது. அங்கே ஆளும் பா.ஜ.க. 230இல் 163 இடங்களைப் பெற்றது. நம்பிக்கை பிறக்கச் சில தவணைகளாவது வேண்டும். விடுபட்டவர்களையும் கணக்கில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. பக்கத்து வீட்டுக்கு வந்து தனக்கு வராத பெண்ணின் கசப்பு, திட்டமே இல்லாதிருந்தால் ஏற்பட்டிருக்காத கசப்பு. அவருடைய மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் செல்வதைவிடப் பயனுள்ள பிரசாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டணிக் கணக்கு மேலே முடிவாகிறது. ஆனாலும் அதன் வலிமையை அறிந்திருக்க வேண்டும். 2016இல் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. அணிக்கும் இருந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் புள்ளியே. மக்கள் நலக் கூட்டணி சுமார் ஆறு விழுக்காட்டையும், தனித்து நின்ற பா.ம.க. ஐந்துக்குச் சற்று மேலும் பெற்றுப் பிரிந்து நின்றதால், ஆட்சிக்கு எதிரான வாக்கு ஓரிடத்தில் சேரவில்லை. எனவே எதிரணியிலுள்ள சிறிய கட்சிகளை மேடையில் இழிவாகப் பேசி, அவர்கள் ஒன்றுகூட நாமே காரணமாகிவிடக் கூடாது.

வாக்குக்குப் பணம் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். அது குற்றம், அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே.நகர், வேலூர் ஆகியவற்றில் தேர்தலே நின்றுபோனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் வெற்றி எட்டாது என்பது களத்தில் தெரிந்துவிட்டால், எல்லாத் தொகுதிகளிலும் ஆற்றலைச் சிதறடிக்காமல், தக்கவைக்கக்கூடியவற்றில் பாக முகவர்களையும் வாகனங்களையும் குவிப்பதே அறிவுடைமை. 2011இல் தி.மு.க.வைவிட ஆறு இடங்கள் கூடுதலாக, 29 இடங்களைப் பெற்ற தே.மு.தி.க.வே பிரதான எதிர்க்கட்சி ஆனது; 2021இல் அ.தி.மு.க. 66 இடங்களோடு அந்த நிலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த 66இல் எட்டு, சேலம் மாவட்டம் கொடுத்தவை.