வடிவமைப்பு வாதத்தை ஆராயும் முறை

இயற்கையின் ஒழுங்கிலிருந்து இறைவனை நிறுவ முயலும் வாதம் ஒப்புமையில் (உலகம் மனிதர் கட்டும் வீட்டைப் போன்றது, ஆகவே அதற்கும் ஒரு படைப்பாளர் உண்டு) நிற்கிறதா, அந்த ஒழுங்குக்கு இறைவனே சிறந்த விளக்கம் என்ற அடிப்படையில் நிற்கிறதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். ஒப்புமையில் நின்றால், 1779இல் வெளியான நூலில் மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயத்தை முன்வையுங்கள்: வீடுகள் கட்டப்படுவதைப் பலமுறை கண்டிருக்கும் நாம், உலகங்கள் உருவாவதை ஒருமுறையும் கண்டதில்லை எனும்போது, முன்னதைக் கொண்டு பின்னதை எப்படி ஊகிப்பது? அந்த ஒப்புமையை ஏற்றாலும், பலர் கூடி ஒரு கப்பலைக் கட்டுவதுபோல் பல தெய்வங்கள் கூடி உலகைப் படைத்திருக்கலாம் என்பதை அது விலக்காது. என் கணிப்பில் இதுவே வலிய மறுப்பு.

சிறந்த விளக்கம் என்றால், டார்வின் 1859இல் விரித்துரைத்த இயற்கைத் தேர்வு உயிரினங்களின் தகவமைப்பை நோக்கமின்றியே விளக்குகிறது. இயற்பியல் மாறிலிகளின் நுண்ணிசைவை, அதாவது ஈர்ப்பு விசையின் வலிமை போன்ற அடிப்படை அளவுகள் உயிர் தோன்றுவதற்கு ஏற்றபடி துல்லியமாக அமைந்திருப்பதை, முன்னிறுத்துவோரை அது தொடாது. அவர்களிடம், அம்மாறிலிகள் வேறாக அமைந்திருக்கும் நிகழ்தகவை எந்த அடிப்படையில் கணித்தார்கள் என்று கேளுங்கள்.