எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு
தரம் 3 வந்தும் 'கொடி'யை 'கெடி' என்று வாசிக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். முதலில் கிளிநொச்சி, வவுனியா ஆஸ்பத்திரியில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். அவை சரியென்றால் டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் இடர்ப்பாடாக இருக்கலாம்.

நாற்பது பேர் நெரிகிற ரியூசன் கொட்டில் இதற்குச் சரிவராது. பார்த்தெழுதிக் கொப்பிதான் நிரம்பும். தனியாகத் தினமும் 15 நிமிடம் போதும். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும், ஒலியோ பின்னே வரும்; தடுமாற்றம் அங்கேதான். தட்டில் மணல் பரப்பி, 'க், ஒ, கொ' என்று சத்தமாகச் சொல்லியபடி விரலால் எழுதவிடுங்கள். 'கெ', 'கொ' இரண்டையும் ஒரே நாளில் தொடவேண்டாம். ல, ள, ழவும் அப்படித்தான்.

வகுப்பாசிரியரிடம் கேட்கவேண்டியது: வினாவை வாசித்துக் காட்டுவது, விடையை வாயால் கேட்பது, எல்லார் முன்னாலும் வாசிக்க எழுப்பாமல் விடுவது. மறுத்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். பிள்ளையின் கொப்பியையும் கொண்டுபோங்கள்.